கீழறையில் கடல் வைத்திருந்த தண்டபாணி சார்

ஞாயிற்றுக்கிழமை காலை பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. பக்கத்து வீட்டுக் கோமதி அக்கா. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று ஒரு குரல் கொடுத்தாலே கேட்கும். எதற்காகப் போனில் கூப்பிடுகிறார் என்று கொஞ்சம் எரிச்சலோடுதான் எடுத்தேன்.

“டீச்சர், இவுக எந்திரிக்க மாட்டேங்கிறாக. எப்பவும் வெள்ளனே எந்திரிச்சிருவாக. மீனெல்லாம் எரைக்கு வந்து நிக்குது டீச்சர்.”

அரிவாள்மனையைப் போட்டது போட்டபடி ஓடினேன். அவர் கணவர் தண்டபாணி சார் சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தார். குரங்குக் குல்லா தலையில் அப்படியே இருந்தது. தொட்டதும் தெரிந்துவிட்டது. பெருமாள்மலை முக்கிலிருந்து வந்த டாக்டர், தூக்கத்திலேயே இதயம் நின்றிருக்கிறது, சிரமப்பட்டிருக்க மாட்டார் என்றார். கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்த கோமதி அக்கா, வானொலியில் மழைச் செய்தி கேட்பவரைப் போலத் தலையை ஆட்டினார்.

நான் கூடத்துக்கு வந்தேன். கண்ணாடித் தொட்டியின் ஒரு மூலையில் மீன்கள் எல்லாம் கூடி மேலே பார்த்துக்கொண்டிருந்தன. டப்பாவைத் திறந்து இரை போட்டேன். அந்த வீட்டில் அன்று நான் செய்த முதல் காரியம் அதுதான். பிறகுதான் சொந்தக்காரர்களுக்குச் சொல்லத் தொடங்கினேன். எனக்கு அழுகை வரவில்லை. இதை எழுதுகிற இன்றுவரை வரவில்லை. பல் பிடுங்கிய பிறகு மரத்துக் கிடக்கும் தாடையைப் போல இருக்கிறேன். தொட்டால் என்னுடையது என்று தெரிகிறது, அவ்வளவுதான்.

சாரை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கொடைக்கானலில் நானும் அவரும் ஒரே பள்ளியில் வேலை பார்த்தோம். அவர் வேதியியல், நான் தமிழ். இருவர் வீடும் பெருமாள்மலைக்கு மேலே, சரிவில் அடுத்தடுத்து. ஒரே பேருந்தில் ஏறி ஒரே பேருந்தில் இறங்குவோம். அவர் பிறந்தது பழனி அடிவாரத்தில். வீட்டில் பஞ்சாமிர்தக் கடை. வேலை கிடைத்து மலையேறி வந்தவர், ஓய்வு பெற்ற பிறகும் இறங்கிப் போகவில்லை. ஆனால் கடைசிவரை இந்தக் குளிரைத் திட்டிக்கொண்டேதான் இருந்தார். ஏப்ரல் மாதத்தில் சுற்றுலா வருகிறவர்கள் அரைக்கை சட்டையோடு ஐஸ்கிரீம் தின்றுகொண்டு போவார்கள். இவர் ஆசிரியர் அறையில் குல்லாவும் கழுத்துத் துணியுமாக உட்கார்ந்து விடைத்தாள் திருத்துவார்.

ஒரு முறை பயிற்சி வகுப்புக்காகக் கடலோரப் பக்கம் போய் வந்தார். அங்கே ஏதோ ஓர் ஆய்வுக்கூடத்தில் கோமாளி மீன் பார்த்திருக்கிறார். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட சின்ன மீன். மறுநாள் பேருந்தில் என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்ததும் சொன்னார்.

“டீச்சர், வீட்டுல கடல் வைக்கப் போறேன்.”

“எதுக்கு சார்?”

“இந்த ஊர்ல எந்தத் தண்ணியைத் தொட்டாலும் வெரல் வெறைக்குது. வெதுவெதுன்னு ஒரு தண்ணியாவது இருக்கட்டுமே.”

கேலி என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அவருடைய வீடு சாலையிலிருந்து பார்த்தால் ஒற்றை மாடி. சுற்றிக் கீழே இறங்கினால் அதற்கு அடியில் இன்னோர் அறை இருக்கும். முன்பு அந்த வீட்டில் இருந்தவர்கள் மேல்மலையிலிருந்து வந்த பூண்டை மூட்டை மூட்டையாக அதில்தான் அடுக்கியிருந்தார்கள். அந்தக் கீழறையைச் சார் கடலுக்குக் கொடுத்தார். ஒரு கண்ணாடித் தொட்டி, கொஞ்சம் உப்புத் தண்ணீர், நாலு மீன் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, அவர் செய்த வேலையைப் பார்த்து வாய் அடைத்துப்போனது. கூடத்தில் கட்டில் நீளத்துக்கு ஒரு தொட்டி. அதன் விளிம்பில் வழியும் தண்ணீர், தரையில் போட்ட துளை வழியே குழாயில் கீழறைக்கு இறங்கும். அங்கே இன்னொரு பெரிய தொட்டி. முதலில் துணிப் பையில் அழுக்கு நிற்கும். அடுத்த தடுப்பில் ஒரு கருவி தண்ணீரை நுரைக்க வைத்து, நுரையோடு கசடை வெளியே தள்ளும். அதற்கடுத்து ஓட்டைக் கற்களின் ஊடே புகுந்து, ஹீட்டரில் சூடாகி, பம்பு வழியாக மறுபடியும் மேலே ஏறும். ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கும். பார்க்க வருகிறவர்கள் எல்லாம் கூடத்தில் நின்று மீனைப் பார்த்தால் இவர் கையைப் பிடித்துக் கீழே இழுத்துக்கொண்டு போய்விடுவார்.

“மேல இருக்கறது கடலோட மூஞ்சி. ஈரல், கிட்னி எல்லாம் இங்கனதான் இருக்கு. இதப் பாருங்க.”

பூண்டு வாசனைக்கும் உப்பு வாசனைக்கும் நடுவே நின்று நாங்கள் கடலின் ஈரலைப் பார்ப்போம்.

கடல் தண்ணீர், லோடு வண்டி ஓட்டும் பாண்டியின் புண்ணியத்தில் வந்தது. அவர் கேரட்டும் சௌசௌவும் ஏற்றி ராமநாதபுரம் சந்தைக்குப் போவார். காலி வண்டியாகத் திரும்ப வேண்டியவர், சார் கொடுத்தனுப்பிய கேன்களை ராமேஸ்வரம் பக்கம் நிரப்பிக்கொண்டு வருவார். கரையோரத் தண்ணீர் ஆகாது, படகில் உள்ளே போய் எடுக்க வேண்டும் என்பது சாரின் கண்டிப்பான உத்தரவு. அந்தத் தண்ணீரை வடிகட்டி, கீழறையில் நீல டிரம்களில் மூடி வைத்துத் தெளியவிடுவார். உப்பு எவ்வளவு இருக்கிறது என்று கருவி வைத்துப் பார்ப்பார். கொஞ்ச நாளில் பேருந்து நடத்துநர்கூட “கடல் வாத்தியாரே, உள்ள தள்ளி நில்லுங்க” என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

முதல் வருட ஐப்பசி மழையில் மரம் விழுந்து மின்சாரம் போனது. பம்பு நின்றதும் மேல் தொட்டியின் தண்ணீர் குழாயில் இருந்த வேகத்தோடு கீழே இறங்கி, கீழ்த்தொட்டி கொள்ளாமல் பொங்கி, கதவிடுக்கு வழியே சரிவில் ஓடியது. சரிவுக்குக் கீழே என்ன இருக்கிறது? என்னுடைய சௌசௌ பந்தல். காய் தொங்கத் தொங்க இருந்த கொடி ஒரு வாரத்தில் கருகிப்போனது. நான் விட்டேனா? வேலி ஓரமாக நின்று பிடித்த பிடியில் சாருக்கு முழி பிதுங்கிவிட்டது. மறுநாள் என் வீட்டு மதில்மேல் ஒரு டப்பா பஞ்சாமிர்தம் இருந்தது. அதற்கடுத்த நாளும் இருந்தது. கோபம் தீர்ந்துவிட்டது என்று சொன்னால் டப்பா நின்றுவிடுமே என்று நானும் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே இருந்தேன். அதற்குள் அவர் இன்னும் பெரிய கீழ்த்தொட்டி வாங்கி, இன்வெர்ட்டரும் வைத்துவிட்டார்.

பெரிய தப்பு அடுத்த குளிர்காலத்தில் நடந்தது. மலையில் இருக்கிறவர்களுக்குச் சூடு என்றால் விறகு பாய்லர்தான் நினைவுக்கு வரும். பழைய பங்களாக்களில் குளிக்கத் தண்ணீர் காயவைப்பது அதில்தான். எங்கோ ஒரு பங்களாவை இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய், பாய்லரிலிருந்து செம்புக் குழாய்ச் சுருளைக் கழற்றிக்கொண்டு வந்தார். கீழ்த்தொட்டித் தண்ணீரை அதற்குள் ஓடவிட்டு அடியில் விறகு எரித்தால், ஹீட்டரே வேண்டாம் என்று கணக்கு. தண்ணீர் நன்றாகத்தான் சூடானது. ஆனால் உப்புத் தண்ணீரில் செம்பு கரையும், கரைந்தால் விஷம். மீன்கள் எப்படியோ தாக்குப் பிடித்தன. அவற்றோடு விட்டிருந்த இறால், நத்தை, சங்குக்குள் குடியிருந்த நண்டு எல்லாம் ஒன்று விடாமல் செத்துப்போயின.

மறுநாள் நான் பக்கத்து வகுப்பில் செய்யுள் நடத்திக்கொண்டிருந்தேன். சாரின் குரல் சுவரைத் தாண்டிக் கேட்டது.

“நேத்து எங்க வீட்டுல இறால், நத்தை எல்லாம் செத்துப்போச்சு. உப்புத் தண்ணிய செம்புக் குழாயில விட்டது யாரு? நான். வருசா வருசம் உங்களுக்குச் செம்பு நடத்துறது யாரு? அதுவும் நான்தான். எழுதிக்கங்க. பரீட்சையில கேப்பேன்.”

கேட்கவும் செய்தார். அன்று மாலை பேருந்தில் வெகுநேரம் சன்னலையே பார்த்துக்கொண்டு வந்தவர், இறங்கும்போது சொன்னார்: “தெரிஞ்சிருக்கறது வேற டீச்சர். சமயத்துக்கு நெனப்பு வர்றது வேற.”

அவர்களுக்குக் குழந்தை இல்லை. அதனால்தான் மீன் வளர்க்கிறார் என்று ஊரில் பரிதாபப்பட்டுப் பேசினார்கள். எனக்கு அந்தப் பேச்சைக் கேட்டால் பற்றிக்கொண்டு வரும். சாரிடமே ஒரு நாள் சொன்னேன். அவருக்குக் கோபம் வரவில்லை. “மீனு மீனுதான் டீச்சர். புள்ளைன்னா எதுத்துப் பேசணும்ல? அதுக்குத்தான் நீங்க இருக்கீகளே” என்றார்.

எதிர்த்துப் பேச வீட்டிலேயே ஆள் இருந்தார். கோமதி அக்காவுக்கு அந்தத் தொட்டியின்மேல் தீராத மனத்தாங்கல். பம்பின் சத்தம், ஈரத் தரை, இவர் எந்நேரமும் கீழறையில் கிடப்பது, எதுவும் பிடிக்காது. “ஊர்ல இருக்கறவுக நாய் வளப்பாக, கோழி வளப்பாக. இவுக சமுத்திரம் வளக்குறாக” என்பார். சார் ஊருக்குப் போகும் நாள்களில்கூட அக்கா தொட்டியைத் தொட மாட்டார் என்பதால் இரை போடும் பொறுப்பு என்னிடம் வந்தது. சார் பலமுறை கெஞ்சியிருக்கிறார். ஒரு தடவை என் எதிரிலேயே நடந்தது.

“கோமு, ஒரு நாளு கீழ வந்து பாரு. எந்தச் சுவிட்சு எதுக்குன்னு மட்டும் தெரிஞ்சுக்க. நான் இல்லாட்டி என்ன செய்வ?”

“நீங்க இல்லாட்டி மொத சோலி அத ஊத்தி விடுறதுதான்.”

மூவருமே சிரித்தோம். மார்கழிக் குளிரில் பேசிக்கொண்டே மூவரும் கையை வைத்திருந்தது அந்தத் தொட்டியின் கண்ணாடிமேல்தான். அந்த வீட்டிலேயே சூடான இடம் அது.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். பழனியிலிருந்து சாரின் அக்கா சிவகாமி அம்மாள் மகனோடு வந்து சேர்ந்தார். பெரிய மனுஷி. தம்பியின் முகத்தை ஒரு தடவை பார்த்தார், முந்தானையை இடுப்பில் செருகினார், வேலையில் இறங்கிவிட்டார். உட்கார்ந்தால் உடைந்துவிடுவோம் என்ற பயம் அவருக்கு இருந்திருக்க வேண்டும். மதியத்துக்கு மேல் சாரை எடுத்துக்கொண்டு போனார்கள். சிவகாமி அம்மாளின் மகன்தான் கொள்ளி வைத்தார். அந்த வீட்டில் அடுப்பு எரியாது என்பதால் நான் சோறும் ரசமும் எடுத்து வர என் வீட்டுக்குப் போயிருந்தேன்.

பாத்திரத்தோடு திரும்பி வரும்போது என் சௌசௌ பந்தலுக்கடியில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு ஓடியது. பாத்திரத்தை மதில்மேல் வைத்துவிட்டுக் கீழறைப் பக்கம் இறங்கினேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. துக்க வீட்டிலிருந்து உடலை எடுத்துக்கொண்டு போன பிறகு, வீட்டில் பிடித்து வைத்திருந்த தண்ணீரையெல்லாம் கொட்டிவிட்டுக் கழுவி விடுவார்கள். குடம், அண்டா, வாளி எதிலும் பழைய தண்ணீர் இருக்கக்கூடாது. சிவகாமி அம்மாள் அதைத்தான் முறையாகச் செய்துகொண்டிருந்தார். கீழறையில் நீல டிரம்கள் கவிழ்ந்து கிடந்தன. கீழ்த்தொட்டியைத் தரை தெரிய இறைத்திருந்தார். பம்பு காற்றை உறிஞ்சிக் கர்ரென்று கத்திக்கொண்டிருந்தது. நான் ஓடிப்போய்ச் சுவிட்சை அணைத்தேன்.

“இத யாரும்மா ஊத்தச் சொன்னது?”

“சாவு வீட்டுத் தண்ணி கெடக்கக்கூடாது டீச்சர். கெடந்தா போனவன் போக மாட்டான், இங்கனயே சுத்துவான். மேல ஒண்ணு கெடக்குல்ல? அதையும் ஊத்திட்டா சோலி முடிஞ்சிரும்.”

நான் சொல்லச் சொல்லக் கேட்காமல் வாளியோடு படி ஏறிவிட்டார். தம்பி நல்லபடியாகப் போய்ச் சேர வேண்டும் என்பதைத் தவிர அவர் மனத்தில் வேறு ஒன்றும் இல்லை. அதனால் அவரைத் தடுப்பது இன்னும் கடினமாக இருந்தது. பின்னாலேயே நானும் ஓடினேன். வாளி தொட்டிக்குள் இறங்கப்போகும் நேரம், டாக்டர் போனதிலிருந்து சுவரோரமே உட்கார்ந்திருந்த கோமதி அக்கா எழுந்தார். வாளியின் விளிம்பைப் பிடித்தார்.

“விடுங்க மதினி. அது கெடக்குற தண்ணி இல்ல.”

“முறைன்னு ஒண்ணு இருக்குல்ல கோமதி?”

“இருக்கு. வீட்டுல இருக்குற மத்த தண்ணி எல்லாத்தையும் ஊத்துங்க, நான் கேக்கல. இதுல உசுரு இருக்கு மதினி. உசுரு இருக்குற தண்ணிய யாராவது ஊத்துவாகளா?”

சிவகாமி அம்மாள் அப்போதுதான் தொட்டியைச் சரியாகப் பார்த்தார். ஆள் வந்து நிற்பதைக் கண்டதும் கோமாளி மீன்கள் இரண்டும் வழக்கம்போல மூலைக்கு வந்து மேலே பார்த்தன. வாளியைக் கீழே வைத்தார். “ஏலே தம்பி, எனக்கு என்னடா தெரியும்?” என்று சொல்லிக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்த வீட்டில் அன்று முதல்முறையாகச் சத்தமான அழுகை எழுந்தது. கோமதி அக்கா அழவில்லை. சேலையை முழங்கைவரை தள்ளிக்கொண்டு, தொட்டி வந்த நாளிலிருந்து தொடாத அந்தத் தண்ணீருக்குள் கையை விட்டார்.

“டீச்சர், சூடு கொறைஞ்சுக்கிட்டு வருது. வெரசா ஏதாவது செய்யுங்க.”

எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். கீழே இருந்த ஹீட்டரைக் கழற்றி மேல் தொட்டியில் மாட்டினோம். காற்றுக் குமிழி விடும் சின்னக் கருவி ஒன்று பரணில் இருந்தது, அதையும் போட்டோம். கண்ணாடியைச் சுற்றி சாரின் இரண்டு கம்பளிகளையும் கட்டினோம். ஈரலும் கிட்னியும் இல்லாமல் முகம் மட்டும் எத்தனை நாள் உயிரோடு இருக்கும்? புதிய கடல் தண்ணீர் வந்து கீழ்த்தொட்டி நிறைந்தால்தான் பம்பு ஓடும். ஒவ்வொரு நாளும் தொட்டித் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கலங்கிக்கொண்டே வந்தது. துக்கம் கேட்க வந்தவர்கள் கம்பளி போர்த்திய தொட்டியைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனார்கள்.

அஸ்தியை ராமேஸ்வரத்தில் கரைப்பது என்று முடிவானது. பாண்டி தன் வண்டியையே எடுத்துக்கொண்டு வந்தார். கிளம்பும் நேரத்தில் கோமதி அக்கா கீழறைக்குப் போய், காலி கேன்களை ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து வண்டியில் அடுக்கினார். பிறகு தானும் ஏறி உட்கார்ந்தார். புருஷனை இழந்தவள் இத்தனை சீக்கிரம் வாசல் தாண்டலாமா என்று யாரோ இழுத்தார்கள். “வரட்டும்” என்றார் சிவகாமி அம்மாள்.  என்னையும் கூட்டிக்கொண்டார்கள்.

கலயம் தண்ணீரில் இறங்கியது. சாம்பல் கொஞ்ச தூரம் மிதந்து, கலைந்து, தெரியாமல் போனது. முழுகிக் கரையேறியதும், திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும் என்று சொன்னார்கள். நாங்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வண்டிக்கு வந்ததும் கோமதி அக்கா கேன்களை இறக்கச் சொன்னார். சிவகாமி அம்மாள் திகைத்துப்போனார்.

“கரைச்ச கடல்லேருந்து தண்ணி மொண்டு வீட்டுக்குக் கொண்டு போறதா? அடுக்குமா கோமதி?”

“திரும்பிப் பாக்கக்கூடாதுன்னாக, பாக்கல. தண்ணி எடுக்கக்கூடாதுன்னு யாரும் சொல்லலயே மதினி.”

பாண்டி மெதுவாகச் சொன்னார்: “சார் இந்தப் பக்கம் எடுக்க விட மாட்டாகம்மா. தள்ளிப்போய் படகுலதான் எடுப்போம். அங்கனயே போவோம்.”

“போவோம். எங்க எடுத்தாலும் ஒரே கடல்தான” என்றார் அக்கா.

 சிவகாமி அம்மாள் குனிந்து ஒரு கேனை எடுத்துக்கொண்டார். படகிலிருந்து கேன்கள் நிறைந்து வந்ததும், மகனைத் தொடவிடாமல் ஒன்றைத் தானே சுமந்துவந்து வண்டியில் வைத்தார். மலை ஏறும்போது, வளைவில் கேன்கள் உருண்டுவிடாமல் இரு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டே வந்தார்.

மறுநாள் வெயில் ஏறியதும் நாங்கள் மூவரும் கீழறைக்குப் போனோம். தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் கீழ்த்தொட்டியில் ஊற்றினோம். சார் மாற்றுக்கு வைத்திருந்த இன்னொரு ஹீட்டரை அதில் போட்டுச் சூடேறும்வரை காத்திருந்தோம். எந்தச் சுவிட்சு எதற்கு என்று கோமதி அக்கா என்னிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டார். பம்பின் சுவிட்சைப் போட்டதும் அவர்தான். குழாய் இரண்டு தடவை காற்றைத் துப்பியது. பிறகு அந்தப் பழைய சத்தம் வந்தது. அவருக்குப் பிடிக்காத சத்தம். அக்கா சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அப்போதுதான் அவருக்குக் கண்ணீர் வழிந்தது. சிவகாமி அம்மாள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டார்.

நான் மேலே வந்து கம்பளியை விலக்கிக் கண்ணாடியில் கை வைத்தேன். சூடு இருந்தது. மீன்கள் மூலைக்கு வந்து மேலே பார்த்தன. கீழேயிருந்து ஏறி வந்த தண்ணீர் அவற்றின்மேல் விழுந்துகொண்டிருந்தது. எனக்கு அழுகை வரவில்லை என்று சொன்னேன். வராவிட்டால் போகிறது. என் பந்தல் மறுபடியும் கருகிவிட்டது சார். இந்தத் தடவை மதில்மேல் டப்பா இருக்காது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் காலையில் கதவைத் திறந்ததும் கண் அங்கேதான் போகிறது.

இரை போடக் கோமதி அக்கா படியேறி வருகிறார். நீங்கள் போய் வாருங்கள் சார். தண்ணீர் வந்து சேர்ந்துவிட்டது.